பொல்லு ஊன்றி மலை ஏறுவது: யாழ்ப்பாணத்தவர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மேடு என்றால் மதகுதான். சைக்கிளில் வரும்போது இரண்டு மிதி கூட மிதித்தால் அதையும் தாண்டிவிடலாம். இப்படிப் பழகிய கால்களோடுதான் வருடத்தில் ஒரு தடவை சிவனொளிபாதமலைக்கோ ஹோர்ட்டன் சமவெளிக்கோ புறப்படுகிறோம். சில வருடங்களாக ஊரில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போய்வருகிறேன். பயணத்துக்கு முதல் கிழமை வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி பொல்லைப் பற்றித்தான். அதே கேள்விகளுக்கு அதே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். முதியவர்கள் ஊன்றுகிற வளைந்த பிடியுள்ளதைக் கைத்தடி என்கிறேன். கடைக்காரர் ‘ட்ரெக்கிங் போல்’ என்று சொல்கிற, நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய குழாய்த் தடிக்கு எங்கள் வீட்டில் மலைப்பொல்லு என்று பெயர் விழுந்துவிட்டது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு நாற்பது வயதுதான். அதற்குள் பொல்லா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆண்பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. பெண்கள் கேட்பதில்லை, பேசாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

பொல்லுக்கும் வயதுக்கும் தொடர்பில்லை. இறக்கத்துக்கும் முழங்காலுக்கும்தான் தொடர்பு. ஏறும்போது மூச்சு வாங்கும், இதயம் அடித்துக்கொள்ளும், ஆனால் பத்து நிமிடம் குந்தியிருந்தால் சரியாகிவிடும். இறங்கும்போது நடப்பது வேறு. ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் முன்னங்காலில் விழுகிறது. அதைத் தாங்கிப் பிடித்து மெதுவாக இறக்குவது தொடைத் தசை. நீண்டுகொண்டே இறுகி நிற்க வேண்டிய வேலை அதற்கு. சமதரையில் நடக்கிறவனின் தொடைக்கு இந்த வேலை அவ்வளவாகப் பழக்கமில்லை. அதனால்தான் மலையில் நன்றாக இருந்தவர் ஊருக்கு வந்து இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கிணற்றடியில் குந்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இரண்டு கையிலும் பொல்லு இருந்தால் அந்தப் பாரத்தில் ஒரு பங்கு தோளுக்கும் கைக்கும் போகிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, சரிவில் இறங்கும்போது முழங்கால் மூட்டில் விழும் விசை பொல்லுகளால் 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்ததாகக் கண்டது. ஓர் அடிக்கு அது சின்ன விஷயம்தான். ஆனால் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறினால் ஏறக்குறைய 5,500 படிகள். ஏறிய அத்தனையும் இறங்க வேண்டும்.

பொல்லு இருந்தால் களைப்புக் குறையுமா?

குறையாது. கைகளும் சேர்ந்து வேலை செய்வதால் உடம்பு செலவழிக்கிற சக்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும். கால் களைக்காமல் இருக்கும், அவ்வளவுதான். மூச்சு வாங்குகிறது என்பதற்காகப் பொல்லு வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அதற்கு மருந்து, இரண்டு மாதம் முன்பே நடக்கத் தொடங்குவது.

ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

மலைக்கு இரண்டு. ஒரு பொல்லோடு மணிக்கணக்காக இறங்கினால் ஒரு தோள்தான் பாடுபடும், உடம்பும் ஒரு பக்கம் சாயும். கணவனும் மனைவியும் ஒரு சோடியை வாங்கி ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். பணம் மிச்சம்தான். பாதி மலையில் ‘கொஞ்சம் உங்கடையையும் தாங்கோ’ என்று தொடங்கும்.

மரத்தடியாக இருந்தால் ஒன்று போதும். அதை இரண்டு கையாலும் மாறி மாறிப் பிடிக்கலாம். கைப்பிடிக் கம்பி உள்ள படிகளிலும் ஒரு பொல்லு போதும். ஒரு கை கம்பியில், ஒரு கை பொல்லில்.

எனக்கு எவ்வளவு நீளம் வேண்டும்?

விலையை விட, பெயர் பெற்ற நிறுவனமா என்பதை விட, முக்கியமான கேள்வி இதுதான். விலை கூடிய பொல்லு நீளம் பிழைத்தால் வெறும் சுமை.

நடக்கப்போகிற அதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சமதரையில் நில்லுங்கள். மேற்கையை உடம்போடு ஒட்டி வைத்து, பொல்லின் நுனியைப் பாதத்துக்குப் பக்கத்தில் ஊன்றிப் பிடியுங்கள். முழங்கை சரியாக மடிந்து, முன்கை தரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். முன்கை மேல்நோக்கிச் சாய்ந்தால் பொல்லு நீளம், கீழே சாய்ந்தால் கட்டை. கண்ணாடி முன் நின்று பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். குனிந்து நீங்களே பார்த்தால் பார்க்கும்போதே கை அசைந்துவிடும்.

உத்தேசக் கணக்கு இது. 5 அடி உயரமானவருக்கு 105 சென்ரிமீற்றர், 5 அடி 4 அங்குலத்துக்கு 110, 5 அடி 8 அங்குலத்துக்கு 115 முதல் 120, 6 அடிக்கு 125. இது சமதரை அளவு. நீண்ட ஏற்றத்தில் 5 முதல் 10 சென்ரிமீற்றர் குறைத்துக்கொள்ளுங்கள், நீண்ட இறக்கத்தில் அதேயளவு கூட்டுங்கள். இறக்கத்தில் பொல்லு கட்டையாக இருந்தால் எட்டி ஊன்றுவதற்காக இடுப்பை வளைக்க வேண்டிவரும், அப்படியே தலைகீழாகப் போகிற பயமும் வரும். ஐம்பது அடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிற பாதையில் ஒவ்வொரு தடவையும் நின்று மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பிடியைச் சற்று மேலேயோ கீழேயோ பிடித்தால் போதும்.

சரியான நீளம் கிடைத்ததும் குழாயில் அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். குழாயில் அச்சடித்திருக்கும் எண்களை விடியற்காலை இருட்டில் யாரும் வாசிப்பதில்லை.

கனடாவிலிருந்து மச்சான் வருகிறார். என்ன வாங்கிவரச் சொல்வது?

நான் பார்த்த மலைப்பொல்லுகளில் முக்கால்வாசி இப்படி வந்தவைதான். வெறுமனே ‘நல்லதாக ஒன்று’ என்று சொல்லிவிட்டால் அவர் தன் உயரத்துக்குப் பார்த்து வாங்கிவருவார். எனவே உங்கள் உயரத்தைச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் மடக்கிப் பூட்டுகிற நெம்புப் பூட்டு உள்ளதாகக் கேளுங்கள். பிடி தக்கையாகவோ, பஞ்சு போன்ற ஃபோமாகவோ இருக்கட்டும். முழு றப்பர் பிடி குளிருக்கு நல்லது, எங்கள் வியர்வைக்கு உள்ளங்கையை உரித்துவிடும். நுனிக்குப் போடுகிற றப்பர் மூடி இரண்டு சோடி மேலதிகமாக வாங்கச் சொல்லுங்கள், இங்கே அது தொலைந்தால் தேடி அலைய வேண்டும். மடித்தால் பயணப்பெட்டிக்குள் கிடக்கிற அளவா என்பதையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

பனிநாட்டில் வாங்கினால் நுனிக்குச் சற்று மேலே கோப்பித்தட்டு அகலத்தில் ஒரு வட்டம் வரக்கூடும். அது பனியில் புதையாமலிருக்க. இங்கே பற்றையில் சிக்கும். கழற்றி எடுத்து, சின்ன வட்டத்தைப் போடுங்கள். பெரியதை எறிந்துவிட வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

பிடிக்குள் சுருள்வில் வைத்து அதிர்ச்சி தாங்கும் என்று விற்கிறதுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. நிறையும் கூடும், பழுதாக இன்னொரு உறுப்பும் கூடும்.

அலுமினியமா, காபனா?

முதல் சோடி என்றால் அலுமினியம். ஒரு சோடி 500 கிராம் அளவில் வரும், காபன் நார் என்றால் 400 கிராமோ அதற்குக் கீழோ. அந்த நூறு கிராம் ஒருநாள் நடைக்குத் தெரியாது. இரண்டு பாறைக்கு நடுவே நுனி மாட்டி நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் அலுமினியம் வளையும், காபன் முறியும். வளைந்ததைக் காலால் மிதித்து ஓரளவு நிமிர்த்தி வீடுவரை வரலாம்.

முறுக்கிப் பூட்டுகிற பொல்லு மலிவாகக் கிடைக்கிறதே?

கிடைக்கும். என் முதல் சோடி அதுதான், ஊரில் ஒரு கடையில் வாங்கினேன். குழாயைச் சுழற்றினால் உள்ளே இருக்கிற பிளாஸ்ரிக் ஆப்பு விரிந்து குழாய்ச் சுவரை இறுக்கும். அதுதான் அந்தப் பூட்டு. கடையில் நன்றாக இறுகியது, வீட்டு முற்றத்திலும் இறுகியது.

சிவனொளிபாதமலையில் சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்குகிறேன். இரவுப் பனி குழாய்க்குள் இறங்கி ஈரம் கசிந்திருக்க வேண்டும். இடது பொல்லில் பாரத்தைப் போட்டேன், அது மடக்குக் குடை மாதிரி தன்பாட்டில் உள்ளே போய்விட்டது. விழவில்லை, படியில் பொத்தென்று இருந்துவிட்டேன். பக்கத்தால் ஒரு மூங்கில் தடியோடு, வெறுங்காலோடு இறங்கிய மலையகத்து ஆச்சி ஒருவர் ‘பாத்து எறங்கு தம்பி’ என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். எனக்கு அப்போது இடுப்பை விட மானம்தான் வலித்தது.

முறுக்குப் பூட்டுத்தான் கையில் இருக்கிறது என்றால் மூன்று விஷயம். புறப்படுவதற்கு முன் பிரித்து உள்ளே துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெயோ கிறீஸோ தப்பித் தவறியும் போடாதீர்கள், வழுக்கத்தான் செய்யும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன் நின்று முழுப் பாரத்தையும் போட்டு அழுத்திப் பாருங்கள். நெம்புப் பூட்டுக்கும் இந்தக் கடைசிப் பழக்கம் நல்லதுதான். அதில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், அதை இறுக்க ஏற்ற திருப்புளியைப் பையில் வையுங்கள்.

பிடியில் இருக்கிற வார் எதற்கு? கையில் கொழுவி வைப்பதற்கா?

இல்லை. பொல்லில் பாதி வேலை அந்த வாரில்தான் நடக்கிறது, பத்தில் எட்டுப் பேர் பிழையாகத்தான் மாட்டுகிறார்கள்.

வாரைத் தொங்கவிடுங்கள். கையைக் கீழிருந்து மேலாக, வளையத்துக்குள்ளால் விடுங்கள். இப்போது வார் மணிக்கட்டின் பின்பக்கம் கிடக்கும். அப்படியே கையைக் கீழே இறக்கி, வாரையும் பிடியையும் சேர்த்துப் பிடியுங்கள். வாரின் இரண்டு பட்டியும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் போக வேண்டும். சரியாக மாட்டியிருந்தால் விரல்களைத் திறந்துவிட்டாலும் மணிக்கட்டால் பாரத்தைப் போட்டு ஊன்ற முடியும். பிடியை நெரிக்கத் தேவையில்லை. மாலையில் விரல் வீங்கி மோதிரம் கழராமல் போகிறவர்கள், நாள் முழுக்க நெரித்துப் பிடித்தவர்கள்தான்.

ஆனால் ஆற்றைக் கடக்கும்போதும், வழுக்குப் பாறையில் கையூன்றி இறங்கும்போதும் வாரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். விழுந்தால் பொல்லு தனியே விழட்டும், மணிக்கட்டையும் சேர்த்து முறுக்கக்கூடாது.

எந்தக் காலோடு எந்தப் பொல்லு?

யோசிக்காதீர்கள். யோசித்தால் அணிவகுப்பில் கால் மாறிய மாணவன் மாதிரி ஆகிவிடும். பொல்லைத் தரையில் இழுத்துக்கொண்டு இருபது அடி சும்மா நடந்து பாருங்கள், வலது கால் போகும்போது இடது கை தானாக முன்னுக்கு வரும். பிறகு அதே கையில் மெதுவாக ஊன்றத் தொடங்குங்கள்.

ஏறும்போது பொல்லை உங்களுக்கு முன்னால் தூர ஊன்றி உடம்பை இழுக்காதீர்கள். பாதத்துக்குப் பக்கத்தில், அல்லது சற்றுப் பின்னால் ஊன்றித் தள்ளுங்கள். இறங்கும்போது மட்டும் ஓர் அடி முன்னால். உயரமான படி என்றால் இரண்டு பொல்லையும் கீழ்ப்படியில் ஊன்றி, பாரத்தைக் கைக்குக் கொடுத்து, பிறகு காலை இறக்குங்கள். கால் முதலில் போய்ப் பொல்லு பின்னால் வந்தால் அது அலங்காரத்துக்குத்தான்.

சிவனொளிபாதமலைப் படிகளில் பொல்லு இடைஞ்சல் இல்லையா?

இடைஞ்சல்தான், நாளைப் பொறுத்து. மார்கழிப் போயாவிலிருந்து, அதாவது பௌர்ணமியிலிருந்து, வைகாசிப் போயாவரை யாத்திரைக் காலம். போயா நாளிலும் வார இறுதியிலும் மேல்பகுதிப் படிகளில் ஆள்மேல் ஆள் நிற்கும், ஓர் அடிக்கு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த நெரிசலில் உங்கள் பொல்லின் நுனி பின்னால் வருகிற குழந்தையின் முகத்தருகே இருக்கும். கைப்பிடிக் கம்பி தொடங்கியதும் மடித்துப் பையில் செருகுங்கள், நுனி கீழ்ப்பக்கமாக. இறங்கும்போது கூட்டம் கலைந்த பிறகு எடுங்கள். கிழமை நாளில் போனால் இந்தப் பிரச்சினையே இல்லை.

அப்புறம், அது 2,243 மீற்றர். உச்சியில் விடியப்புறம் குளிரும். நடுங்குகிற கையால் பூட்டைத் திறக்கப் பழகியிருக்க வேண்டும்.

நுனியில் றப்பர் மூடி போடவேண்டுமா, கழற்ற வேண்டுமா?

சீமெந்துப் படி, தார் வீதி, வெறும் பாறை எல்லாவற்றுக்கும் மூடி. மண், புல், சேறு என்றால் கழற்றி உலோக முனை. அந்த முனை டங்ஸ்டன் காபைட், மிகக் கடினமானது, சேற்றிலும் மண்ணிலும் கடித்துப் பிடிக்கும். சீமெந்தில் டக் டக்கென்று சத்தம் போடும், சில நேரம் வழுக்கும்.

ஹோர்ட்டன் சமவெளியில் மட்டும் மண்பாதையாக இருந்தாலும் மூடியைக் கழற்றாதீர்கள் என்பேன். ‘உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பாறை விளிம்புவரை போய்ச் சுற்றிவருகிற அந்த 9 கிலோமீற்றர் சொச்சப் பாதை வருகிறவர்களின் காலால் ஏற்கனவே பள்ளமாய் அரிந்து, மரவேர் வெளியே தெரிகிறது. ஆயிரம் முனை குத்தினால் இன்னும் அரியும். ஆனால் சேறு மூடியை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஓய்விலும் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பொலித்தீன் கொண்டுவருகிறோமா என்று வாசலில் பையைப் பிரித்துப் பார்க்கிற இடத்தில், நாமே றப்பரை விதைத்துவிட்டு வரக்கூடாது.

நெடுந்தீவுக்கும் மூடிதான். அங்கே தரை முழுக்கச் சுண்ணாம்புக் கல், பொந்து பொந்தாக இருக்கும். உலோக முனை பொந்தில் மாட்டினால் பொல்லு நிற்கும், நீங்கள் போய்க்கொண்டிருப்பீர்கள்.

வளவில் உள்ள மரத்திலேயே ஒரு பொல்லு செய்தால் என்ன?

செய்யுங்கள். எனக்கு இந்த வேலை பிடிக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வேலிப் பூவரசில் நேராக எழுந்த கதியால் ஒன்று பாருங்கள். கிளுவை வேண்டாம், மெதுமையான மரம். முதிரை உறுதி, ஆனால் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்கப் பாரம். பனஞ்சிலாகையை யாரோ ஒருவர் ஒவ்வொரு வருடமும் முன்மொழிகிறார். பனை வைரத்தின் உறுதியில் சந்தேகமில்லை. ஆனால் அது கறுப்பும் வெள்ளையுமாக நார் நாராகப் பிரிகிற மரம், எவ்வளவு சீவினாலும் ஒருநாள் உள்ளங்கையில் சிலாம்பு ஏற்றும். மூங்கில் கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு. நிறை குறைவு, வளைந்து கொடுக்கும். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டுதான் தொடங்குகிறார்கள்.

பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து சுற்றிப் பிடிக்கிற பருமன் போதும். நீளம் மலைப்பொல்லை விடக் கூட, முழங்கைக்கு மேலே ஒரு சாண். அப்போதுதான் இறக்கத்தில் மேலே பிடிக்கலாம், ஏற்றத்தில் கீழே பிடிக்கலாம். பச்சைத் தடியை வெட்டியதும் நேரான ஒரு குழாயோடு சேர்த்து நாலைந்து இடத்தில் கட்டி, நிழலில் இரண்டு மூன்று மாதம் விடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். காய்ந்த பிறகு கணுக்களைச் சீவி, தேங்காய் எண்ணெய் பூசித் துணியால் தேயுங்கள்.

நுனிதான் முக்கியம். வெறும் மரம் கல்லில் பட்டுப் பட்டுத் தும்பாகப் பிரிந்துவிடும். உலக்கைக்குப் போடுகிற மாதிரி ஓர் இரும்புப் பூண் போட வேண்டும். கடையில் குழாய்த் துண்டு ஒன்று வாங்கி, மரத்தை அதன் உள்ளளவுக்குச் சீவி, அடித்து இறக்கலாம். அதற்கு மேல் பழைய சைக்கிள் ரியூப்பை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினால் சீமெந்துப் படிக்கும் வழுக்காது. கைப்பிடிக்கும் அதே ரியூப்பைச் சுற்றலாம் என்று நினைப்பீர்கள், வேண்டாம். முன்னே சொன்னேனே, றப்பரும் வியர்வையும் ஒத்துவராது. பருத்திக் கயிறு சுற்றுங்கள்.

பூண் சரியாக இறங்கிவிட்டதா என்று பார்க்க, தடியைத் தலைகீழாகப் பிடித்துக் கொப்பறாத் தேங்காய் ஆட்டிப் பார்ப்பதுபோல் காதருகே ஆட்டிப் பாருங்கள். கிலுகிலுத்தால் கழற்றி, ஒரு துணித்துண்டு வைத்துத் திரும்ப அடிக்க வேண்டும்.

அம்மாவுக்கு 72 வயது. மலைக்கல்ல, கோயிலுக்கும் சந்தைக்கும் போக. மலைப்பொல்லு கொடுக்கலாமா?

நடையில் தடுமாற்றம் இல்லாமல் உடற்பயிற்சிக்காக நடக்கிறவர் என்றால், இரண்டு மலைப்பொல்லு நல்லது, நிமிர்ந்து நடக்க வைக்கும். ஒரு காலில் வலியோ பலக்குறைவோ இருந்து அந்தக் காலைத் தாங்குவதற்கு என்றால் கைத்தடிதான். தலைசுற்று, திடீர் விழுகை இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கைத்தடியின் அளவு வேறு கணக்கு. வீதிக்குப் போடுகிற செருப்போடு நிற்கச் சொல்லி, கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டில் உள்ளங்கை தொடங்குகிற ரேகையிலிருந்து தரைவரை அளந்தால் வருவதுதான் கைத்தடியின் உயரம். பிடித்து நிற்கும்போது முழங்கை இலேசாக மடிந்திருக்கும். எங்கள் அம்மா அப்பாவின் கைத்தடியையே பல மாதம் ஊன்றினார். வலது தோள் காதுவரை ஏறி நிற்கும், கழுத்து வலி என்று எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். ஒருநாள் அளந்து பார்த்தால் இரண்டு அங்குலம் கூட. நுனியின் றப்பர் புஷ்ஷைக் கழற்றி, பென்சிலால் கோடு போட்டு, புஷ்ஷின் தடிப்பையும் கணக்கில் எடுத்து அறுத்தேன். மளமளவென்று அறுத்துவிடாதீர்கள், அரை அங்குலம் அரை அங்குலமாக. கூட்ட முடியாது. ‘அப்பான்ர தடியை வெட்டிப்போட்டாய்’ என்று அன்று முழுக்கப் பேச்சு வாங்கினேன், அடுத்த கிழமை எண்ணெய்ப் போத்தல் அலுமாரிக்குள் போய்விட்டது.

எல்லோரும் பிழை விடுகிற இடம்: வலிக்கிற காலின் பக்கம் பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கம் பிடிக்க வேண்டும். இடது முழங்கால் நோகிறது என்றால் வலது கையில் தடி, இடது காலும் தடியும் சேர்ந்து முன்னுக்குப் போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் நோகிற காலும் முதலில். புஷ்ஷின் அடியில் உள்ள வரிகள் தேய்ந்து மழுங்கியதும் மாற்றுங்கள், மழை நாளில் கோயில் வாசல் கருங்கல்லில் அதுதான் ஆளை விழுத்தும்.

கதிர்காமப் பாதயாத்திரைக்கு எது நல்லது?

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாகக் கரையோரமாகவே நடந்து, உகந்தையில் காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமம் போகிற பாதை அது. ஒன்றரை மாதத்துக்கு மேல் எடுக்கும். பலர் உகந்தையிலிருந்து குமண, யால காட்டுப் பகுதியை மட்டும் நடக்கிறார்கள். மலையேற்றம் எதுவும் இல்லை. மணலும் வெயிலும் தூரமும்தான் எதிரி.

மணலில் ஒல்லி முனை புதைந்துகொண்டே போகும். மச்சான் கொண்டுவந்த அந்தப் பெரிய பனி வட்டத்தை எறியாதீர்கள் என்றேனே, இதற்குத்தான். மணலில் அது நன்றாக வேலை செய்யும். இல்லையென்றால் நிறை குறைந்த ஒரு மரத்தடி போதும், நெடுநாள் நடக்கிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். கையில் வேல் ஏந்தி வருகிறவருக்கு வேறு பொல்லைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கும்புக்கன் ஓயாவைக் கடக்கும்போது தடியை முன்னால் விட்டு ஆழம் பார்த்துக் கால் வையுங்கள், வாரைக் கழற்றிவிட்டு.

யானைக்குப் பொல்லைக் காட்டி வீரம் பேச வேண்டாம். கூட்டத்தை விட்டுப் பிரியாமல் இருப்பதுதான் அங்கே பாதுகாப்பு.

தெருநாய்க்கு?

ஓங்காதீர்கள். ஓங்கினால் வராத நாயும் வரும். நின்று, பொல்லை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் தாழ்வாக நீட்டிப் பிடித்து, முதுகைக் காட்டாமல் மெதுவாக விலகுங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மலையே இல்லாத ஊரில் எங்கே பழகுவது?

மணற்காட்டு மணல்மேடுகள். வடமராட்சி கிழக்கில் அதை விட நல்ல பயிற்சிக்களம் எங்களுக்குக் கிடையாது. காலை ஆறு மணிக்கு முன் போய் ஒரு மேட்டில் இருபது தடவை ஏறி இறங்குங்கள். மணலில் கால் புதைவதால் சின்ன மேடும் பெரிய வேலை வாங்கும். இறங்கும் போது பொல்லை முன்னால் ஊன்றுவதை அங்கே பழகிவிடலாம், விழுந்தாலும் மணல்.

அடுத்தது மாடிப்படி. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் அனுமதி கேட்டு, ஏறுவதை விட இறங்குவதில் கவனம் வைத்து, மெதுவாக. ஆறு கிழமை செய்தால் அந்த மூன்றாம் நாள் கிணற்றடிப் பிரச்சினை பெருமளவு போய்விடும். பண்ணை வீதியில் பொல்லோடு காலை நடை போனால் தாளம் பிடிபடும். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் நிறுத்தி, காலுக்கு என்ன என்று கேட்பார்.

பஸ்ஸிலும் விமானத்திலும் கொண்டுபோகலாமா?

பஸ்ஸில் மடித்துப் பைக்குள். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து அங்கே மலை ஏறப் போகிறீர்கள் என்றால் கைப்பையில் வைக்காமல் சரக்கில் போடும் பெட்டிக்குள் வையுங்கள். கூர்முனை என்று பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடக்கூடும்.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

பூட்டுகளைத் திறந்து, துண்டு துண்டாகக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் ஓர் இரவு விடுங்கள். எங்கள் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஈரத்தோடு பூட்டி வைத்த அலுமினியக் குழாய்க்குள் வெள்ளைப் பொடி பூத்து, அடுத்த வருடம் எடுக்கும்போது இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுக்க வேண்டிவரும். தக்கைப் பிடியை வியர்வை உப்புப் போகத் துடையுங்கள். றப்பர் மூடிகளை வெயில் படுகிற யன்னலில் வைக்காதீர்கள், வெடித்துப்போகும்.

நக்கிள்ஸ் மலைப்பக்கம் போய்வந்தவர்கள் வாரின் மடிப்புக்குள்ளும் பார்க்க வேண்டும். ஒருதடவை யாழ்ப்பாணம்வரை இரத்தம் குடிக்கிற அட்டை ஒன்று வந்து சேர்ந்தது.

மரத்தடிக்கு எதிரி கறையான். மூலையில் சுவரோடு சாத்தி வைப்பதுதான் எல்லோருடைய பழக்கமும். என்னுடைய முதல் பூவரசம் தடி அப்படித்தான் நின்றது. அடுத்த பயணத்துக்கு எடுத்தபோது பூணும் மேல்தோலும் மட்டும் இருந்தன, உள்ளே மண். இப்போது பிடியில் ஒரு துளை போட்டுக் கயிறு கோத்து, எல்லாவற்றையும் விறாந்தைச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். அம்மாவின் கைத்தடிக்கும் ஓர் ஆணி இருக்கிறது. அவர் அதைக் கட்டிலோடுதான் சாத்துகிறார்.